கண்ணாடியில் போன மின்சாரம்

அந்தக் கல் ஆய்வுக்கூடத்தில் அவளை யாரும் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவள் புள்ளியம்மா. எந்த எண்ணைச் சொன்னாலும் புள்ளிக்குப் பிறகு ஓர் இலக்கத்தையாவது சேர்த்துத்தான் சொல்வாள். டீ சூடாக இருக்கிறதா என்று கேட்டால் தெர்மாமீட்டரைத் தேடுகிற ஆள் என்று கிண்டல் செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் அடுத்த எண்ணையும் புள்ளியோடுதான் எழுதுவாள்.

கல்லை அமுக்கி, அதன் வழியாக மின்சாரம் எவ்வளவு போகிறது என்று பார்ப்பது அவள் வேலை. கேட்பவர்களுக்கு முதலில் சிரிப்புத்தான் வரும். கல்லில் எங்கே மின்சாரம் போகும்? கல்லில் போகாது, கல்லுக்குள் இருக்கிற தண்ணீரில் போகும். எவ்வளவு கெட்டியான பாறையிலும் கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. பூமிக்கடியில் அவற்றில் லேசாக உப்புக் கரிக்கும் நீர் ஊறிக் கிடக்கும். அந்த நீரைப் பிடித்துக்கொண்டு மின்சாரம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஊர்ந்து போய்ச் சேரும். கல்லை அமுக்கினால் விரிசல்கள் மூடிக்கொள்ளும், பாதை அடைபடும், மீட்டரில் தடையின் அளவு ஏறும். இன்னும் அமுக்கினால் ஒரு கட்டத்தில் கல்லுக்குப் பொறுக்காமல் புது விரிசல்கள் விடத் தொடங்கும். தண்ணீர் அவற்றுக்குள் புகும். ஏறிக்கொண்டே போன எண் திரும்பி இறங்கும். வெளியே பார்த்தால் கல் கல்லாகவே நிற்கும். ஒரு கீறல்கூடத் தெரியாது. ஆனால் உள்ளே உடைசல் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அந்தத் திருப்பம் எத்தனை அழுத்தத்தில் வருகிறது என்று கண்டுபிடித்துச் சொல்வதில்தான் புள்ளியம்மாவின் பிழைப்பு ஓடியது.

நான்கு மாதத்துக்கு முன்னால் அவள் எழுதிய அறிக்கை ஒன்று கூடத்தையே தலைநிமிர வைத்திருந்தது. ஊருக்கு வெளியே ஒரு மலையைக் குடைந்து குடிநீர்த் தேக்கம் கட்டிக்கொண்டிருந்தார்கள். மலைக்குள் ஆறு பெரிய அறைகள். அறைகளுக்கு நடுவே மலையைத் தாங்கிக்கொள்ள வெட்டாமல் விட்ட கல் தூண்கள். அந்தத் தூண்களின் கல் எதுவரை தாங்கும் என்று இவர்களிடம்தான் கேட்டார்கள். நூற்று இருபத்து நான்கு மெகாபாஸ்கல் அழுத்தத்தில் உடையும், அதற்கு முந்திய திருப்பம் நூற்றுப் பன்னிரண்டு புள்ளி மூன்றில் வரும் என்று அவள் எழுதிக் கொடுத்தாள். அந்தக் கணக்கை வைத்து அவர்கள் தூண்களுக்குள் பதித்த அழுத்தமானிகளில் நூற்று ஐந்தைத் தொட்டால் அபாய மணி அடிக்கிற மாதிரி ஏற்பாடு செய்தார்கள். அந்த அறிக்கைக்குப் பிறகுதான், ஆறு வருடம் தற்காலிகமாக ஓட்டிய அவளுடைய வேலை நிரந்தரமானது. வீட்டில் அவளைவிட அதிகம் துள்ளிக் குதித்தது அவளுடைய நாத்தனார். காரணம் இருந்தது. நாத்தனார் அதே மலைக்குள்தான் டிப்பர் லாரி ஓட்டினாள், உடைத்த கல்லை வெளியே கொண்டுவந்து கொட்டுகிற வண்டி.

"எங்க அண்ணி கையெழுத்து போட்ட தூணுக்குக் கீழதான் நான் வண்டி ஓட்டுறேன். எவன் என்ன செய்வான்?" என்று கூட வேலை செய்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வாள்.

இப்படி எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தப் புதன்கிழமை வந்தது.

மீட்டரைப் பழுதுபார்க்க அனுப்பியிருந்தார்கள். அது அன்று மதியம் திரும்பி வந்தது. வந்த மீட்டரை அப்படியே நம்பிவிடுகிற ஜாதி இல்லை புள்ளியம்மா. ஒரு சோதனை போட்டுப் பார்ப்போம் என்று நினைத்தாள். கல் துண்டுகளின் அளவிலேயே அறுத்த ஓர் உருளைக் கண்ணாடி இழுப்பறையில் கிடந்தது. கண்ணாடியில் விரிசலும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. அதன் வழியாக மின்சாரம் பொட்டுக்கூடப் போகக்கூடாது. மீட்டர் 'அளவுக்கு மேல்' என்று காட்டிவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான் சோதனை.

கண்ணாடிக்கு ரப்பர் உறையை மாட்டி, அமுக்கும் இயந்திரத்தின் இரும்புக் கலத்துக்குள் இறக்கினாள். கலத்துக்குள் உறையைச் சுற்றி எண்ணெய் நிற்கும். மேலிருந்து இயந்திரம் அமுக்கும்போது சுற்றிலும் எண்ணெயும் நெருக்கும். இயந்திரத்தை இயக்குகிறவர் பெயர் அமுக்கு அண்ணன். இருபத்தேழு வருடமாக அமுக்குவதைத் தவிர வேறொன்றும் செய்யாதவர்.

மீட்டர் நாற்பத்தோராயிரம் ஓம் என்று காட்டியது.

"அண்ணே, கண்ணாடியில மின்சாரம் போகுது."

"மீட்டரு போயிருக்கும். ரிப்பேருக்குப் போய் வந்ததுல எது ஒழுங்கா வந்திருக்கு?"

அவள் மீட்டரைக் கழற்றிச் சரிபார்த்தாள். மீட்டரில் குறையில்லை. திரும்ப மாட்டினாள். இன்னும் இரண்டு தடவை பார்த்தாள், அதே நாற்பத்தோராயிரம். "கொஞ்சம் அமுக்குங்கண்ணே" என்றாள். அவர் அமுக்கினார். அழுத்தம் ஏற ஏற மீட்டரின் எண்ணும் ஏறியது. ஐம்பதாயிரம். அறுபத்திரண்டாயிரம். தொண்ணூறாயிரம். கண்ணாடி கல்லைப்போல நடித்துக்கொண்டிருந்தது.

புள்ளியம்மா கண்ணாடியை வெளியே எடுத்து உறையை உருவினாள். கண்ணாடியின் உடம்பு முழுக்க மெல்லிய ஈரம். மின்சாரம் பாய்வதற்காக இரண்டு முனைகளிலும் வைக்கிற உப்புநீர், உறைக்கும் கண்ணாடிக்கும் நடுவே புகுந்து ஒரு படலமாகப் படிந்திருந்தது. மின்சாரம் அந்தப் படலத்தில்தான் போயிருக்கிறது. அமுக்க அமுக்க உறை இறுகிப் படலம் மெலிந்திருக்கிறது, அதனால் எண் ஏறியிருக்கிறது. உறையின் உள்விட்டத்தை அளந்தாள். அரை மில்லிமீட்டர் தளர்வு.

அந்த உறை பழைய உறை கிழிந்த பிறகு வந்தது. இதுதான் சரியாக இருக்கும் என்று தேர்ந்தெடுத்து வாங்கியவள் அவளேதான். பதிவேட்டைப் புரட்டினாள். உறை மாற்றிய தேதியைத் தன் கையெழுத்திலேயே பார்த்தாள். அதற்கு அடுத்த வாரம் சோதித்தது மலைக்குள் இருக்கும் தூண்களின் கல்லை.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். விஷயம் அவளுக்கு அப்படியே புரிந்துபோயிற்று. கல்லுக்குள் புது விரிசல் விட்டு எண் இறங்கப் பார்க்கும்போது, வெளியே படலம் மெலிந்து எண்ணை மேலே இழுத்துப் பிடித்திருக்கிறது. கல் எப்போதோ திரும்பிவிட்டது. மீட்டர்தான் தாமதமாகச் சொல்லியிருக்கிறது. நூற்றுப் பன்னிரண்டு புள்ளி மூன்று என்று அவள் எழுதியது கல்லின் எண்ணே இல்லை.

அமுக்கு அண்ணன் கதவைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் நின்றார். "இங்க பாரும்மா, நாலு மாசம் ஆச்சு. தூண் நிக்குது. யாரும் கேக்கல. புது உறை ஒண்ணு வாங்கிப் போட்டுட்டு விஷயத்த அமுக்கிடலாம்."

"அமுக்குறதுதான் உங்களுக்குக் கைவந்த கலையாச்சே" என்று சொல்ல வந்து, சொல்லாமல் விட்டாள். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவளுடைய நிரந்தர வேலை ஆணை வந்த அன்று கூடம் முழுக்க இனிப்பு வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நாளைக்கு யோசிப்போம் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். ஒரு நாள் யோசித்தால் என்ன குடி முழுகிவிடும்?

வீட்டுக்குப் போனபோது நாத்தனார் தலைமுடியெல்லாம் கல்தூசியோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பேருந்து ஓட்டுநரான கணவன் அன்று பகல் முறை முடிந்து வந்து, தட்டில் இருந்ததைவிடத் தொலைக்காட்சியை அதிகம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணி, ஒரு விஷயம் தெரியுமா?" என்றாள் நாத்தனார் வாய் நிறையச் சோற்றோடு. "திங்கக்கிழமையிலிருந்து தூண ரெண்டு மீட்டர் சீவப் போறாங்க. உங்க ரிப்போர்ட்ட பாத்துட்டுத்தான். இவ்வளவு தாங்குற கல்லுக்கு இவ்வளவு தடி எதுக்குன்னு இன்ஜினியர் சொல்றாரு. எனக்கும் வண்டி திருப்ப வசதியா இருக்கும்."

புள்ளியம்மா கையில் எடுத்த கரண்டியைத் திரும்பப் பாத்திரத்திலேயே வைத்தாள்.

"அந்த ரிப்போர்ட்டு தப்பு" என்றாள்.

கணவன் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கண்ணாடி, ஈரப் படலம், அரை மில்லிமீட்டர், தன் கையால் வாங்கிய உறை. வேகமாகச் சொன்னாள், நிறுத்தினால் தொடர முடியாதவள்போல.

நாத்தனார் கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். பேச்சில் யாருக்கும் சளைக்காத அவள் அன்று கத்தவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "அதெல்லாம் இருக்கட்டும் அண்ணி. நாளைக்கு நான் உள்ள போகலாமா, வேண்டாமா? அத மட்டும் சொல்லுங்க."

போகலாம் என்று சொல்ல ஓர் எண் வேண்டும். போக வேண்டாம் என்று சொல்லவும் ஓர் எண் வேண்டும். புள்ளியம்மாவிடம் இரண்டும் இல்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கேள்விக்குப் புள்ளி வைக்க முடியாமல் "தெரியலடி" என்றாள்.

"அப்போ இப்பவே யாருக்காவது சொல்லு" என்றான் கணவன். "என்னோட பிரேக்குல சந்தேகம்னா நான் டிப்போவுக்குப் போய் யோசிப்பேனா? அங்கேயே ஓரமா நிறுத்துவேன்."

அப்போது மணி ஏழரை. அவள் துறைத்தலைவருக்குத் தொலைபேசியில் சொன்னாள். தலைவர் கோபக்காரர். கோப்பு இடம் மாறினாலே கூரை பறக்கும். அவள் சொல்லி முடித்ததும் அவர் கத்தவில்லை, கேள்விதான் கேட்டார்.

"கண்ணாடிய எத்தன தடவ போட்டுப் பாத்தீங்க?"

"மூணு தடவ சார்."

"மூணு தடவையும்?"

"மூணு தடவையும் அதே எண்தான். ஆயிரத்துக்கு ஒண்ணு ரெண்டு வித்தியாசம்."

"எத்தன மணிக்குப் பாத்தீங்க?"

"நாலு மணிக்கு சார்."

"மூணரை மணி நேரம்" என்றார் தலைவர். இரைச்சலே இல்லை. அதுதான் வலித்தது. "சரி, வைங்க. நான் மலைக்குப் பேசுறேன்."

பத்து நிமிடத்தில் நாத்தனாரின் கைபேசி அலறியது. மலையிலிருந்து செய்தி: நாளை முதல் உள் வேலை எல்லாம் நிறுத்தம், மறு அறிவிப்பு வரும்வரை யாரும் உள்ளே போக வேண்டாம். நாத்தனார் அதைப் படித்துவிட்டுத் தட்டைத் தன் பக்கம் இழுத்து, விட்ட இடத்திலிருந்து சாப்பிடத் தொடங்கினாள். புள்ளியம்மா அடுக்களைக்குள் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். வேலை போகும் என்ற பயம் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிய பாரம் ஒன்று நெஞ்சிலிருந்து இறங்கியிருந்தது. நாளைக்கு அந்த மலைக்குள் யாரும் இருக்க மாட்டார்கள்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கே கூடத்தில் மூவரும் இருந்தார்கள். அமுக்கு அண்ணன் அவளைப் பார்க்க வெட்கப்பட்டுக்கொண்டு இயந்திரத்தைத் துடைத்தார். தலைவர் திட்டவில்லை. திட்ட நேரமில்லை.

"அந்தக் கல்லுல இன்னும் எத்தன துண்டு இருக்கு?"

"ஒண்ணும் இல்ல சார். ஒம்போதையும் உடைச்சுட்டோம். புதுசா துளை போட்டு எடுக்க ஒரு வாரம் ஆகும்."

"அவங்களால ஒரு வாரம் சும்மா நிக்க முடியாது. மேல மலை, கீழ தூணு. அந்தத் தூணு இப்ப எந்த நிலையில இருக்குன்னு தெரியாம, ஆள வெளிய வெச்சுட்டு எத்தன நாள் பாத்துக்கிட்டு இருக்கிறது? கிடங்குல தேடுங்க."

கிடங்கைத் தலைகீழாகப் புரட்டினார்கள். பெட்டிகளில் வேறு மலைகளின் கல் இருந்தது, வேறு ஆறுகளின் கல் இருந்தது. இந்தக் கல் மட்டும் இல்லை. பத்து மணிக்கு மூவரும் தூசியோடு தலைவர் அறைக்குத் திரும்பியபோது அமுக்கு அண்ணன் வாசலிலேயே நின்றுவிட்டார். கீழே குனிந்து பார்த்தார்.

"சார், கதவுக்கு முட்டுக் கொடுத்து வெச்சிருக்கீங்களே, இது என்ன கல்லு?"

தலைவரின் அறைக்கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க ஓர் உருளைக் கல் கிடந்தது. எல்லோரும் நான்கு மாதமாகத் தாண்டிப் போன கல். புள்ளியம்மா மண்டியிட்டுத் திருப்பினாள். அடியில், அவள் கையெழுத்தில், மலையின் குறியீடும் பத்து என்ற எண்ணும். பத்தாவது துண்டு. சோதனைக்கு ஒன்பதே போதும் என்றானபோது மிஞ்சிய இதை அவள் மறந்தே போயிருந்தாள்.

தலைவரின் காது சிவந்தது. "அழகா இருந்துச்சுன்னு எடுத்து வெச்சேன்" என்றார்.

நான்கு மாதம் செருப்புக்கால்களிடம் உதை வாங்கிய கல். உள்ளே விரிசல் விட்டிருந்தால் எதற்கும் ஆகாது. அதன் வழியாக ஒலியை அனுப்பிப் பார்த்தாள். விரிசல் பட்ட கல்லில் ஒலி தயங்கித் தயங்கிப் போகும், நல்ல கல்லில் விரைந்து போகும். பழைய ஒன்பது துண்டுகளின் ஒலி வேகத்தோடு இது ஒத்துப்போனது. "இது தேறும்" என்றாள். கூடத்தில் முதல் தடவையாக யாரோ மூச்சு விட்டார்கள்.

அடுத்தது உறை. கடைகளில் சரியான அளவு கிடைக்க வாரக்கணக்காகும். அமுக்கு அண்ணன் வெளியே போய், மின்கம்பி விற்கும் கடையிலிருந்து ஒரு பை நிறையக் கறுப்புக் குழாய் வாங்கி வந்தார். கம்பி இணைப்புகளுக்கு மேலே மாட்டிச் சூடு காட்டினால் சுருங்கி இறுகப் பிடித்துக்கொள்ளுமே, அந்தக் குழாய். முதலில் கண்ணாடிக்கு மாட்டிச் சூடு காட்டினார்கள். தோல்போல ஒட்டிக்கொண்டது. கலத்தில் இறக்கி மீட்டரைப் போட்டார்கள். 'அளவுக்கு மேல்.' அமுக்கினார்கள். 'அளவுக்கு மேல்.' புள்ளியம்மா அந்த இரண்டு வார்த்தைகளைக் காதல் கடிதத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நேத்து நான் சொன்னத மனசுல வெச்சுக்காதம்மா" என்றார் அமுக்கு அண்ணன், இயந்திரத்தைப் பார்த்தபடியே.

"நானும் நேத்து பையத் தூக்கிட்டு வீட்டுக்குத்தானேண்ணே போனேன்" என்றாள் அவள்.

கல்லில் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, மலையின் ஊற்றுநீரைப்போல உப்புக் கலந்த நீரில் மறுநாள்வரை ஊறப் போட்டார்கள்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் மலையின் பொறியாளரே நேரில் வந்தார். தலைக்கவசத்தின் தழும்பு நெற்றியில் இன்னும் போகவில்லை. அவருடைய ஜீப்பை ஓட்டி வந்தது, வேலை இல்லாமல் சும்மா இருந்த நாத்தனார். "கல்ல எப்படி அமுக்குறீங்கன்னு நானும் ஒரு தடவ பாத்துடுறேன்" என்று சொல்லி ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

பொறியாளர் ஒரு தாளை மேசையில் வைத்தார். அதில் எல்லாத் தூண்களின் இன்றைய அழுத்தமும் இருந்தது. மிக அதிகமாகச் சுமப்பது நான்காவது தூண். எண்பத்தொன்று புள்ளி நான்கு.

"இதுக்கு முன்னாடி திருப்பம் வந்துட்டா?" என்று தலைவர் கேட்டார்.

"அப்போ தூணு உள்ளுக்குள்ள உடைய ஆரம்பிச்சுருச்சுன்னு அர்த்தம்" என்றார் பொறியாளர். "திரும்ப உள்ள போய் முட்டுக் கொடுக்கக்கூட ஆள அனுப்ப முடியாது."

ஒரே ஒரு கல். ஒரு முறைதான் உடைக்கலாம். புள்ளியம்மா கம்பிகளை மூன்று தடவை சரிபார்த்தாள், தலைவரை ஒரு தடவை சரிபார்க்கச் சொன்னாள். அவர் மறுபேச்சில்லாமல் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு முனையையும் பார்த்தார். பிறகு அவள் தலையசைக்க, அமுக்கு அண்ணன் கைப்பிடியைத் திருப்பினார்.

அழுத்தம் பத்து, இருபது, முப்பது. மீட்டரில் எண் ஒழுங்காக ஏறியது. பழைய விரிசல்கள் மூடிக்கொண்டிருந்தன. ஐம்பது. அறுபது. புள்ளியம்மா அழுத்தத்தையும் தடையையும் மாற்றி மாற்றி உரக்கப் படித்தாள். தலைவர் எழுதினார். அவர் கையால் அளவு எழுதிப் பல வருடம் ஆகியிருக்கும். எழுபதில் ஏற்றத்தின் வேகம் குறைந்தது. அவள் குரலும் குறைந்தது. எழுபத்தைந்து. இன்னும் ஏறியது, ஆனால் எறும்பு ஊர்வதுபோல. எண்பது.

"எண்பத்தொண்ணு புள்ளி நாலு" என்றாள். நான்காவது தூண் அந்த நேரத்தில் சுமந்துகொண்டிருந்த அழுத்தம். எல்லோருடைய கண்ணும் மீட்டரின் கடைசி இலக்கத்தில் இருந்தது. அது ஒன்பதிலிருந்து பூஜ்ஜியமானது, அதற்கு முந்திய இலக்கம் ஒன்று கூடியது. ஏறுகிறது. இன்னும் ஏறுகிறது.

"ஏறுதா அண்ணி?" என்று முக்காலியிலிருந்து சத்தம் வந்தது.

"ஏறுது. பேசாத."

எண்பத்து மூன்று. எண்பத்தைந்து. எண்பத்தேழு. எண்பத்தெட்டு புள்ளி ஆறில் எண் நின்றது. அமுக்கு அண்ணன் கையை இன்னும் கொஞ்சம் திருப்பினார். தொண்ணூறில் எண் இறங்கத் தொடங்கியது. தொண்ணூற்றைந்தில் நன்றாகவே இறங்கியது. கலத்துக்குள்ளிருந்து ஒரு சத்தமும் இல்லை, கல்லுக்கு எதுவும் ஆனதுபோலவே தெரியவில்லை. நூற்று இருபத்து மூன்றில்தான், அறையே அதிர, அது 'டொம்' என்று உடைந்தது. நாத்தனார் முக்காலியிலிருந்து எழுந்தே விட்டாள்.

"எண்பத்தெட்டு புள்ளி ஆறு" என்றாள் புள்ளியம்மா. "தூணு இன்னும் திரும்பல. ஏழு புள்ளி ரெண்டு பாக்கி இருக்கு."

பொறியாளர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு மூடிய கைகளுக்குள்ளிருந்தே பேசினார்: "நாங்களும் இன்னிக்குக் காலைல வெளிய நின்னே, ஏற்கனவே பதிச்சு வெச்சிருக்கிற கருவி வழியா அந்தத் தூணுல ஒலி அனுப்பிப் பாத்தோம். வேகம் கொஞ்சமும் குறையல. ஒரு கல்ல மட்டும் நம்ப வேண்டியதில்ல. ரெண்டும் ஒண்ணத்தான் சொல்லுது."

அமுக்கு அண்ணன் எண்ணெய்க் கையைத் துடைக்கிற துணியால் நெற்றியைத் துடைத்துக் கறையாக்கிக்கொண்டார். தலைவர் தண்ணீர் கேட்டார். கொடுத்ததும் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டார்.

"ஒண்ணு கேக்கலாமா?" என்றாள் புள்ளியம்மா பொறியாளரிடம். "திங்கக்கிழமை ரெண்டு மீட்டர் சீவியிருந்தா எவ்வளவுக்குப் போயிருக்கும்?"

அவர் சட்டைப் பையிலிருந்து வேறொரு தாளை எடுத்தார். ஏற்கனவே கணக்குப் போட்டு வைத்திருந்தார். சொல்லத் தயங்கினார். "நூத்தி ஒண்ணு."

நூற்று ஒன்று. மணி அடிக்க வேண்டிய நூற்று ஐந்தைத் தொட்டிருக்காது. தூண் உள்ளே நொறுங்கிக்கொண்டிருந்திருக்கும், அபாய மணி வாயைத் திறந்திருக்காது, லாரிகள் போய்வந்துகொண்டிருந்திருக்கும். புள்ளியம்மா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நாத்தனார் வந்து தன் முக்காலியை அவளுக்குப் பின்னால் தள்ளி வைத்தாள். அதில் உட்கார்ந்தவளின் தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"டீ சொல்லுங்கப்பா யாராவது" என்றார் தலைவர் கடைசியில். அந்த டீ ஆறிப்போய்த்தான் வந்தது. ஐந்து பேரும் விருந்துபோலக் குடித்தார்கள்.

அன்று மாலையே திருத்திய அறிக்கை போயிற்று. தவறு எங்கே, எப்படி, யார் கையால் என்று அவளே எழுதினாள். தலைவர் அதைப் படித்துவிட்டு, உறையை வாங்கியவர் என்ற வரிக்குக் கீழே, சோதிக்காமல் கையெழுத்திட்டவர் என்று தன்னுடைய பதவியையும் சேர்த்தார். தளர்ந்த உறையில் நீரோடு செய்த வேறு நான்கு சோதனைகளையும் திரும்பச் செய்ய உத்தரவு போட்டார். அந்த நான்கிலும் வேலை இன்னும் தொடங்கவே இல்லை என்று விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் அவர் வீட்டுக்குப் போனார்.

அடுத்த புதன்கிழமை அவளுக்கு ஓர் உறை வந்தது, இந்த முறை காகித உறை. வேலையிலிருந்து நிறுத்துகிறார்கள் என்றே நினைத்தாள். கழிப்பறைக்குப் போய்த் தாளிட்டுக்கொண்டு பிரித்தாள். எச்சரிக்கைக் கடிதம். 'புதிய உபகரணத்தைச் சோதிக்காமல் பயன்படுத்தியதற்கும், தவறு தெரிந்த நேரத்துக்கும் தெரிவித்த நேரத்துக்கும் இடையே மூன்றரை மணி நேரம் தாமதித்ததற்கும் வன்மையாகக் கண்டிக்கப்படுகிறீர்கள்.' கீழே இன்னொரு வரி: இனி ஒவ்வொரு திங்கட்கிழமையும் கண்ணாடிச் சோதனை செய்து பதிவேட்டில் எழுதுவது தங்கள் பொறுப்பு. அவ்வளவுதான். இனிமேல் ஒவ்வொரு திங்கட்கிழமையும் என்றால், அவள் ஒவ்வொரு திங்கட்கிழமையும் அங்கே இருக்கப் போகிறாள். கடிதத்தை மடித்துக்கொண்டு வெளியே வந்தபோது அவள் முகத்தைப் பார்த்த அமுக்கு அண்ணன், "என்ன, பதவி உயர்வா?" என்றார்.

"கண்டனம்ண்ணே! வன்மையான கண்டனம்!" என்று பல்லெல்லாம் தெரியச் சொன்னாள்.

மலையில் தூண்களைச் சீவும் திட்டம் கைவிடப்பட்டது. அபாய மணி எண்பத்தைந்துக்கு இறக்கப்பட்டது. நான்காவது தூணுக்கு இரண்டு பக்கமும் காங்கிரீட் சுவர் எழுப்பிச் சுமையைப் பகிர்ந்தார்கள். மூன்றாவது வாரம் வேலை மறுபடி தொடங்கியது. முதல் நாள் வேலை முடிந்து வந்த நாத்தனார் செருப்பைக்கூடக் கழற்றாமல் வீட்டு முன்னறையில் நின்று சத்தம் போட்டாள்.

"இப்ப திருப்தியா அண்ணி? தூணும் சீவல, அதுக்கு மேல சுவரு வேற கட்டி வெச்சிருக்காங்க! வண்டிய ஒரே தடவையில திருப்ப முடியல. முன்னாடி, பின்னாடி, முன்னாடி, பின்னாடின்னு மூணு தடவ. கழுத்தே போச்சு. எல்லாம் உங்களாலதான்!"

"எத்தன தடவ?" என்று கேட்டாள் புள்ளியம்மா, அடுக்களையிலிருந்து.

"மூணு!"

"சரியா மூணா? இல்ல மூணு புள்ளி அஞ்சா?"

நாத்தனார் முறைத்தாள். முறைத்துக்கொண்டே இருக்க முடியாமல் வாய் கோணியது. கணவன் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தபோது இரண்டு பெண்களும் அடுக்களை வாசலில் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு, என்ன ஏதென்று சொல்ல முடியாமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.